வெளியூர்ச் சம்பாத்தியமும் செல்போனும்: சிறு விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் அமைந்துள்ள விக்கிரவாண்டி ஒரு கூட்டுரோடு ஊராகும். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. பண்ருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. ரயில் நிலையமும் உண்டு. சென்னை சுமார் 150 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா, உளுந்து, சவுக்கு ஆகியவை சாகுபடியாகின்றன. ஆனால் இங்குள்ள சிறு விவசாயக் குடும்பங்கள் பலவும் இன்று வயலை மட்டும் நம்பி இல்லை. வீட்டில் ஒருவராவது இந்தச் சாலை வழியே வெளியூர் வேலைக்குப் போகிறார். அவர் அனுப்பும் பணம், மார்க்கெட் விலை விவரம், அரசு தரும் உதவித்தொகை ஆகியவை பற்றிய தகவல் வீட்டுக்குச் செல்போன் வழியே வந்து சேர்கிறது.

சாலையும் செல்போனும் சிறு விவசாயிக்கு நன்மை செய்தனவா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. ஒரே ஊரில் ஒரு குடும்பம் இவற்றால் நிமிர்ந்திருக்கும். அடுத்த வீடு கடனில் ஆழ்ந்திருக்கும். இந்த வேறுபாடு எதனால் என்பதை நம் மாவட்டத்திலும், கேரளம், மராட்டியம் போன்ற பிற மாநிலங்களிலும், ஆப்பிரிக்க நாடுகளிலும் பலர் ஆராய்ந்துள்ளனர். அந்த ஆய்வுகள் கூறும் உண்மைகளையும், அவற்றைக் கொண்டு நம் வீட்டில் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளையும் இங்கு காண்போம்.

வயலும் வெளிவேலையும்

2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 எக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு நிலத்தைக் கொண்டு பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், கல்யாணம் அனைத்தையும் சமாளிப்பது கடினம் என்பதை விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசு 2018-19ஆம் ஆண்டுக்கு விவசாயக் குடும்பங்களின் வருமானம் பற்றி நாடு முழுவதும் மாதிரி ஆய்வு நடத்தியது. அதன்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ரூ.10,218. இதில் கூலி, சம்பளம் மூலம் வந்தது ரூ.4,063. பயிர்ச் சாகுபடியில் கிடைத்தது ரூ.3,798. கால்நடை மூலம் ரூ.1,582. மீதமுள்ள சிறு தொகை சிறுதொழில், நிலக் குத்தகை ஆகியவற்றிலிருந்து வந்தது. விவசாயக் குடும்பம் என்று கணக்கெடுக்கப்பட்ட வீடுகளிலேயே கூலி வருமானம் பயிர் வருமானத்தை மிஞ்சிவிட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

எனவே வயலும் வெளிவேலையும் ஒரே ஏரில் பூட்டிய இரண்டு மாடுகள் எனலாம். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் சால் கோணும். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதற்குத் திட்டம் வேண்டும்.

இருவேல்பட்டு கூறும் பாடம்

விழுப்புரம் மாவட்டத்தில், இதே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி விழுப்புரத்துக்குத் தெற்கே உள்ள ஊர் இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயச் செய்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. பின்னர் 1930-களிலும், 1961, 1981, 2008ஆம் ஆண்டுகளிலும் ஆய்வாளர்கள் இவ்வூருக்குத் திரும்ப வந்து கணக்கெடுத்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இவ்வாறு பதிவாகியுள்ளது.

முதல் ஆய்வின்போது நிலமே ஊரின் எல்லாமாக இருந்தது. நிலம் சில குடும்பங்களின் கையில் இருந்தது. மற்றவர்கள் அவர்களிடம் வேலைக்குப் போயினர். 2008இல் வந்து பார்த்தபோது, ஊரின் பொருளாதாரம் வெளியுலகத்தோடு பின்னிப்பிணைந்து விட்டிருந்தது. பலர் ஊருக்கு வெளியே, விவசாயம் அல்லாத வேலைகளுக்குச் சென்றனர். வெளிவேலையும், ரேஷன் அரிசி போன்ற அரசு உதவிகளும் கிடைத்தபின், நிலமற்ற கூலிக் குடும்பங்கள், குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட மக்கள், நிலக்காரரை மட்டும் சார்ந்திருந்த நிலை தளர்ந்தது. கூலி குறித்துப் பேசும் பலம் அவர்களுக்கு வந்தது.

இதில் சிறு விவசாயி இரண்டு பக்கமும் நிற்கிறார். தாம் வெளியே வேலைக்குப் போகும்போது கூலி உயர்வு அவருக்கு லாபம். தம் வயலில் களையெடுக்க ஆள் கூப்பிடும்போது அதே உயர்வு அவருக்குச் செலவு. ஆகவே எந்த மாதத்தில் தாம் வெளியே இருப்பது, எந்த மாதத்தில் வயலில் இருப்பது என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்வதே இன்றைய சாகுபடியின் முதல் வேலையாக இருக்கிறது.

வெளிவேலைக்கு ஏற்ற பயிர்

வெளிவேலைக்குச் செல்வோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் காலையில் போய் இரவு வீடு திரும்புவோர். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய ஊர்களுக்குக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் இவர்கள். விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வயலைப் பார்க்க இவர்களால் முடியும். கறவை மாடும் வைத்துக்கொள்ளலாம். நிலத்துக்கு அதிகக் கெடுதல் வராத முறை இதுவே.

இரண்டாம் வகையினர் சில மாதங்கள் மட்டும் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர். செங்கல் சூளை, கரும்பு வெட்டு ஆகியவை இவ்வகை வேலைகள். சூளை வேலை பெரும்பாலும் பொங்கலுக்குப் பின் தொடங்கி மழைக்காலம் நெருங்கும் வரை நடக்கிறது. நவரை நெல்லுக்கும், மார்கழியில் விதைத்த இறவை மணிலாவுக்கும் கவனம் தேவைப்படும் காலமும் இதுவே. இவர்கள் மழைக்காலப் பயிரை மட்டும் நம்பி, மற்றப் பட்டத்தை விட்டுவிட நேரிடுகிறது.

மூன்றாம் வகையினர் சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவோர். இவர்களுடைய நிலம் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் போகிறது. அல்லது சவுக்குத் தோப்பாகிறது.

சவுக்கு நட்டால் முதல் ஆண்டில்தான் தண்ணீரும் கவனிப்பும் அதிகம் வேண்டும். பிறகு மூன்று, நான்கு ஆண்டுகளில் வியாபாரியே ஆள் வைத்து வெட்டிக்கொண்டு போவார். ஆள் பற்றாக்குறை உள்ள வீட்டுக்கு இது வசதிதான். ஆயினும் இதில் உள்ள குறைகளையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். நெல்லும் வைக்கோலும் வீட்டுக்கு வராது. மாட்டுக்குத் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒரே முறைதான் பணம் வரும். வெட்டும் சமயத்தில் விலை சரிந்திருந்தால் இழப்பு முழுவதும் ஒரே நாளில் தெரியும். ஊரில் களையெடுப்பு, நடவு வேலையை நம்பியிருக்கும் பெண்களுக்கும் வேலை குறையும். எனவே இருக்கும் நிலம் முழுவதையும் சவுக்குக்கு விடாமல், கிணற்றடியில் உள்ள அரை ஏக்கரையாவது நெல்லுக்கோ மணிலாவுக்கோ தீவனத்துக்கோ ஒதுக்கி வைப்பது நல்லது.

நெல்லில் அறுவடை இயந்திரம் வந்தபின் ஆண்கள் ஊரில் இல்லாத குறை ஓரளவு நீங்கியது. மணிலாவில் களையெடுப்பும் காய் பறிப்பும் இன்னும் பெரும்பாலும் கைவேலையாகவே உள்ளன. இந்த வேலைகளுக்கான நாள்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, வெளியூரில் உள்ளவர் அந்த வாரத்தில் ஊருக்கு வந்து போக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முன்பணம் வாங்குமுன் யோசிக்க வேண்டும்

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், விழுப்புரம், கடலூர் பகுதிக் கிராமங்களில் குடும்பங்களின் வேலை, கடன், வெளியூர்ப் பயணம் ஆகியவை பற்றி 2010, 2016-17, 2020-21ஆம் ஆண்டுகளில் விரிவாகக் கணக்கெடுத்துள்ளனர். சூளை, கரும்பு வெட்டு போன்ற வேலைகளுக்குப் போவதில் முன்பணத்துக்குள்ள பங்கு இத்தகைய ஆய்வுகளால் நன்கு தெரிய வருகிறது.

மேஸ்திரி மழைக்காலத்தில், கையில் காசு இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வருகிறார். மொத்தமாக ஒரு தொகை தருகிறார். அந்தத் தொகை கல்யாணம், மருத்துவம், பழைய கடன் என்று உடனே செலவாகி விடுகிறது. பிறகு ஆறு மாதம் உழைத்து அதைக் கழிக்க வேண்டும். இடையில் மழை பெய்து வேலை நின்றாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ பாக்கி அடுத்த ஆண்டுக்குத் தொடர்கிறது. அதனால் அடுத்த ஆண்டும் அதே மேஸ்திரியிடம் போக வேண்டியதாகிறது. சாலை நன்றாக இருப்பதால் மட்டும் ஒருவர் விரும்பிய வேலைக்குப் போக முடிவதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலையில் நிறுத்தி வைப்பது, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். முன்பணம் வாங்கியே தீர வேண்டிய நிலையில் உள்ளவர்கள், வாங்கிய தொகை, கூலி விகிதம், வாராவாரம் கழித்த தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் செல்போனில் படம் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். அந்தப் படம் பின்னால் சாட்சியாகும்.

விலை தெரிந்தால் மட்டும் போதுமா?

செல்போன் வந்தபோது, இனி விவசாயி எந்த ஊரில் என்ன விலை என்று தெரிந்துகொண்டு விற்பார், வியாபாரி ஏமாற்ற முடியாது என்று பலரும் கருதினர். இது எவ்வளவு தூரம் நடந்தது?

வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கடற்கரை ஓரங்களில் செல்போன் கோபுரங்கள் வந்தன. மத்தி மீன் பிடிப்பவர்களை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலார் அக்காலத்தில் ஆராய்ந்தார். முன்பு ஒரு துறையில் மீன் விற்காமல் கொட்டப்படும். சில மைல் தள்ளி இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் ஆள்கள் திரும்பிப் போவார்கள். செல்போன் வந்தபின், படகில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை உள்ள துறைக்குப் படகைத் திருப்பினர். மீன் வீணாவது நின்றது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது.

ஆனால் மராட்டிய மாநிலத்தில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி மூலம் விலை விவரம் அனுப்பி, 100 கிராமங்களில் நடத்திய ஆய்வில், அவர்கள் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டிலும் இப்படியே. கம்பும் சோளமும் காராமணியும் விளையும் வறண்ட நாடு அது. செல்போன் வந்தபின் சந்தைக்குச் சந்தை தானிய விலையில் இருந்த வேறுபாடு 10 முதல் 16 சதவீதம் வரை குறைந்தது. ஊர் ஊராகத் தானியம் கொண்டு செல்லும் வியாபாரிகள் விலை கேட்டு வண்டி அனுப்பியதே இதற்குக் காரணம். விளைவித்தவர் வயலடியில் பெற்ற சராசரி விலையோ உயரவில்லை.

மீனவருக்குக் கிடைத்த பலன் விவசாயிக்கு ஏன் கிடைக்கவில்லை? மீனவரின் படகு அவர் கையில் இருந்தது. எந்தத் துறைக்கும் திருப்பலாம். பெரும்பாலான விவசாயிகளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மூட்டையை வேறு ஊருக்குக் கொண்டுபோக வண்டி வாடகை வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த வியாபாரி, விளைச்சலைத் தமக்கே போட வேண்டும் என்பார். அப்படிப்பட்டவருக்கு அடுத்த ஊர் விலை தெரிந்தாலும் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

ஆகவே விலையைக் கேட்பதோடு நில்லாமல், மாற்றி விற்கும் வழியையும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளூர் வியாபாரி தரும் விலையைவிட ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைக்கு ரூ.300 கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் நான்கு மூட்டை மணிலாவைக் கொண்டுபோனால் கூடுதல் வரவு ரூ.1,200. வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் ரூ.1,500 ஆனால் நஷ்டமே. அதே வண்டியில் ஐந்து பேர் சேர்ந்து இருபது மூட்டை ஏற்றினால் கூடுதல் வரவு ரூ.6,000. வாடகையும் கூலியும் ரூ.2,500 ஆனாலும் ரூ.3,500 மிஞ்சும். செல்போனின் உண்மையான பயன் இங்கேதான். விலை கேட்க ஒரு அழைப்பு. அக்கம்பக்கத்து விவசாயிகளைச் சேர்க்க நான்கு அழைப்பு.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. கிடங்கில் விளைபொருளை வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் உண்டு. வியாபாரியின் கடனால் கட்டுண்டவர்கள் அறுவடைக்குமுன் இவ்வசதி பற்றி விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். தமிழக வேளாண்மைத் துறை 2018இல் தொடங்கிய உழவன் செயலியில் மார்க்கெட் விலை, உர இருப்பு, வாடகை இயந்திரம், பயிர்க் காப்பீடு ஆகிய விவரங்களைப் பார்க்கலாம்.

பணம் வரும் வழி

வெளியூர்ப் பணம் வீட்டுக்கு வருவது புதிதல்ல. 1880ஆம் ஆண்டில் தொடங்கிய மணியார்டர் முறை மூலம் ரங்கூன், சென்னைச் சம்பாத்தியமெல்லாம் தென்னாற்காட்டுக் கிராமங்களுக்கு வந்திருக்கிறது. இன்று 2016இல் வந்த யு.பி.ஐ. முறையில் நொடியில் பணம் வருகிறது. சாதாரணப் பொத்தான் செல்போனிலும் பணம் அனுப்பும் வசதி உள்ளது.

இதில் நமக்கு முன்னால் சென்றது கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாடு. அங்கே 2007ஆம் ஆண்டிலேயே எம்-பெசா என்ற முறை வந்தது. 'பெசா' என்றால் அவர்கள் மொழியில் பணம். பாங்குக் கணக்கு இல்லாதவரும், ஊர் மளிகைக் கடைக்காரரிடம் காசு கட்டி, சாதாரண செல்போன் வழியே கிராமத்துக்கு அனுப்பலாம். நைரோபி நகரில் வேலை செய்யும் பிள்ளை, மக்காச்சோளம் பயிரிடும் பெற்றோருக்கு அனுப்பும் வழி இதுதான். டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இருவர் இதன் விளைவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நோய், விளைச்சல் பொய்த்தல் போன்ற இடர்கள் வந்தபோது, இவ்வசதி இல்லாத குடும்பங்கள் தம் செலவை 7 சதவீதம் குறைத்துக்கொண்டு வயிற்றைக் கட்ட வேண்டியிருந்தது. இவ்வசதி உள்ள குடும்பங்களின் செலவு குறையவே இல்லை. இடர் நேர்ந்ததும் உறவினர், நண்பர் எனப் பலரிடமிருந்தும் சிறுசிறு தொகைகள் வந்து சேர்ந்ததே காரணம். வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்கள் 1,94,000 என்று 2016இல் அவர்கள் மதிப்பிட்டனர்.

பணத்தைக் கொண்டுவந்தது செல்போன் என்றாலும், கொடுத்தவர்கள் மனிதர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பகுதியிலும் இது புலனாயிற்று. 2016 நவம்பர் 8ஆம் தேதி ரூ.500, ரூ.1,000 நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, மேலே கூறிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பு விழுப்புரம், கடலூர் பகுதியில் நடந்து கொண்டிருந்தது. ரொக்கம் இல்லாத அந்த மாதங்களில் கிராமத்தவர் பாங்கையோ கார்டையோ நாடவில்லை; உறவினர், அண்டை அயலார், கடைக்காரர் ஆகியோரிடம் இருந்த நம்பிக்கையைக் கொண்டே சமாளித்தனர் என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அப்படிப்பட்ட நம்பிக்கையும் பழக்கமும் குறைவாக உள்ளவர்களே அதிகம் அவதிப்பட்டனர். ஆகவே வெளியூரில் நிலையாகிவிட்டவர்கள் ஊர்த் தொடர்பை, கோயில் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வந்து போவதை, வீண்செலவு என்று கருதலாகாது.

ஆபத்துக் காலத்தில்

புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. விலை, வானிலை, அரசுத் திட்டங்கள் பற்றிய செய்திகள் கணினி மூலம் பெறப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. நல்லவாடு என்ற மீனவர் ஊரிலும் இத்தகைய மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டார் ஓடிச் சென்று சொல்ல, மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கடற்கரையை விட்டு வெளியேறி உயிர் தப்பினர். படகுகளும் வலைகளும் போயின, உயிர்ச்சேதம் இல்லை.

இங்கே வெளிநாடு சென்ற ஊர்க்காரர், போன், ஊரில் அனைவருக்கும் கேட்கும்படியான ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் சேர்ந்தே பலன் தந்தன. இன்று ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. ஆனால் கிழவிக்கும் கைம்பெண்ணுக்கும் செய்தி போய்ச் சேருகிறதா என்பது கேள்வியே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் போனால் செல்போனும் அணைந்துவிடும். ஆகவே ஊர் ஒலிபெருக்கியைக் கைவிடலாகாது.

சாலைத் தொடர்பில் இன்னொரு பக்கமும் உண்டு. 2020 ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா பரவியது. மே 5ஆம் தேதி அது மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களும் காய்கறி கொண்டுபோனவர்களும் ஊர் திரும்பியபோது, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்தது. பட்டணத்தில் வேலை நின்றபோது திரும்பி வர ஒரு வீடும், உலையில் போட வீட்டு நெல்லும் இருந்தவர்கள் அந்த மாதங்களைத் தாக்குப்பிடித்தனர். சிறு நிலமானாலும் விற்றுவிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் அப்போது விளங்கியது.

யார் பெயரில், யார் கையில்?

இன்று சிறு விவசாயக் குடும்பங்களுக்கு மிகுந்த தொல்லை தருவது வேறு ஒன்று. பட்டா கணவர் பெயரில். பாங்குக் கணக்கும் அவர் பெயரில். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணும் அவருடையது. அவரோ சென்னையில் சாரத்தின் மேல் நிற்கிறார். ஊரில் உண்மையாகச் சாகுபடி செய்யும் மனைவி, ஏதாவது ஒரு பதிவுக்காக மையத்துக்குப் போய் நின்றால், ஓ.டி.பி. எண் அவர் போனுக்குப் போகிறது. அவர் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

2019 முதல் வழங்கப்படும் பி.எம். கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக வருகிறது. நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே இது கிடைக்கும். குத்தகைக்காரருக்குக் கிடையாது. விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பதிவு 2025இல் தொடங்கியது. அதற்கும் ஆதார், ஆதாரோடு இணைந்த செல்போன் எண், பட்டா விவரம் ஆகியவை தேவை. தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் வீடுகளும், எண்ணை மாற்றிவிட்டு ஆதாரில் திருத்தாதவர்களும் இதில் சிக்கிக்கொள்கின்றனர். வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நிவாரணம் பெறுவதற்கும் இதே சிக்கல். குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1969 முதல் இருந்தும், வாய்ப்பேச்சுக் குத்தகையே மிகுதி. அதனால் முதல் போட்டுப் பயிரிட்டவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

பயிரிடுபவர் ஒருவர், பெயருக்கு உரியவர் ஒருவர், போன் வைத்திருப்பவர் ஒருவர் என்று மூன்றாகப் பிரிந்துள்ள இந்நிலையைச் சரிசெய்யாதவரை, எத்தனை திட்டம் வந்தாலும் வயலுக்குத் தண்ணீர் பாயாது.

செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

1. இறந்தவர் பெயரில் உள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாகம் பிரித்து விட்டிருந்தால் தனிப்பட்டாவுக்கு மனுச் செய்யலாம். அடங்கலில் பயிர் சரியாக ஏறியுள்ளதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒவ்வொரு பட்டத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2. வெளியூரில் உள்ளவரின் ஆதாரில் இப்போது உபயோகத்தில் உள்ள எண் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பதிவு வேலைகளை அவர் ஊருக்கு வரும் பொங்கல், தீபாவளி, திருவிழா நாள்களில் ஒன்றாக முடித்துக்கொள்வது எளிது. ஓ.டி.பி. வராதவர்களுக்குக் கைரேகை மூலம் சரிபார்க்கும் முறை பி.எம். கிசானில் பொதுச் சேவை மையங்களில் உண்டு.

3. சாகுபடியைக் கவனிக்கும் பெண்ணுக்குத் தனி பாங்குக் கணக்கும் தனிச் செல்போன் எண்ணும் இருத்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் அவரையும் உறுப்பினராகச் சேர்ப்பது நலம். முடிந்தால் நிலத்தில் ஒரு பகுதியை அவர் பெயருக்கு எழுதி வைக்கலாம்.

4. வெளியூர்ப் பணத்தில் ஒரு பங்கை, சிறு தொகையானாலும், வயலுக்கென்று மாதந்தோறும் தனியே ஒதுக்க வேண்டும். விதை, உரத்துக்கு அந்தப் பணம் கையில் இருந்தால் வியாபாரியிடம் கடன் வாங்க நேராது. அறுவடையில் விரும்பிய இடத்தில் விற்கலாம்.

5. ஒரே ஊரில் ஒரே பயிர் செய்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வண்டி பேசி, விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகப் பழக வேண்டும்.

6. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் பதிய வேண்டியதில்லை. பணம் அனுப்புவதற்கே அது தேவை. 'உதவித்தொகை வந்துள்ளது, எண்ணைப் போடுங்கள்' என்று எவர் சொன்னாலும் போடக்கூடாது. பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலியை இறக்கக்கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். தாமதம் செய்தால் பணத்தை மீட்பது கடினம்.

7. பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் இல்லை.

8. குத்தகைக்கு விடுவோரும் எடுப்போரும், வெள்ள நிவாரணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதைச் சாட்சிகள் முன் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சண்டை வராது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு அதிகமில்லை. வெளியூரில் உள்ளவர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பட்டா, பாஸ் புத்தகம், ஆதார், கடன் நோட்டு ஆகியவற்றை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் சரிபார்த்தால் போதும். யார் எந்த மாதம் ஊரில் இருப்பது, எந்த வயலில் எந்தப் பயிர், யார் எண்ணுக்கு எந்தச் செய்தி வருவது என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம். அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கும் முன்பே இவ்வேலையையும் முடித்துக்கொள்ளும் குடும்பங்கள், வெளியூர்ச் சம்பாத்தியத்தால் வயலையும், வயலால் வெளியூர் சென்றவரையும் காத்துக்கொள்ளலாம்.